குயில்ட் கடையில் நான் வாங்கிய அடிகள்

குயில்ட் துணிக்கடை என்பது சனம் துணியைத் தொட்டுப் பார்க்க வருகிற இடம். வாங்குகிற இடம் பெரும்பாலும் வேறு. உங்களில் யாராவது சின்னக் கடை வைத்திருந்தால், அது சப்பாத்துக் கடையோ புத்தகக் கடையோ, நான் சொல்வது உடனே விளங்கும். விளங்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

குயில்ட் தெரியாதவர்களுக்கு: பருத்தித் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, நிறம் பார்த்துப் பொருத்தி, உள்ளே பஞ்சுப் படை வைத்துத் தைக்கிற போர்வை. மொன்றியல் குளிருக்கு இதை விரும்பித் தைக்க ஒரு கூட்டமே இருக்கிறது. நான் பதினெட்டு வருடம் தையல் ஆலையில் துண்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்தவள். ஆலை மூடியபோது, ஒரு கெபெக் அம்மா விட்டுப் போன இந்தக் கடையை எடுத்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. பேரத்துக்குப் பட்டம் கொடுத்தால் வாங்கியிருப்பேன். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக்காரன் என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

இந்தப் பங்குனி முடிவதற்குள் கடையை வாடகைக்குத் தந்த கட்டடக்காரருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்கு வாடகைத் தாளில் கையெழுத்தா, இல்லை கடையைக் காலி செய்து திறப்பைத் திருப்பிக் கொடுப்பதா? அந்தப் பதில் வரும்வரை வாங்கிய அடிகள்தான் இவை.

எழுதிய விலை

கடை எடுத்த முதல் கிழமை. மீற்றர் பதினான்கு டொலருக்கு விற்கலாம் என்று கணக்கு. ஆள் குறைத்துக் கேட்கும், நான் முகத்தைச் சுளிப்பேன், ஆள் வாசல்வரை போகும், நான் கூப்பிடுவேன், பதினான்கில் முடியும். ஆகவே பதினெட்டு என்று எழுதி ஒட்டினேன். வியாபாரம் தெரிந்தவள் அல்லவா!

வந்தார்கள். சீட்டைப் பார்த்தார்கள். "மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் ஒரு டொலர் குறைத்துக் கேட்கவில்லை. நான்காம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. நரைத்த தலையோடு ஓர் அம்மா, ஜினெட் என்று பிறகு பெயர் தெரிந்தது, ஒரு நீலத் துணியை இருபது நிமிடம் தடவிவிட்டு வெளியே போனார். நான் வீட்டுச் செருப்போடே பனியில் ஓடிப்போய் மறித்தேன். "துணி பிடிச்சிருக்குத்தானே, பிறகேன் குறைச்சுக் கேக்காமல் போறியள்?" இதையே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தினேன். அந்த அம்மா பயந்ததாகத் தெரியவில்லை. கவலைப்பட்டார்.

"விலை எழுதியிருந்ததே, மதாம். நீங்கள் பொய் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்?"

எங்கட ஆள்

மறுநாள் எல்லாச் சீட்டையும் பதினான்காக மாற்றினேன். ஜினெட் திரும்பி வந்தார், இன்னும் ஆறு பேரோடு. செவ்வாய்க்கிழமை தோறும் என் பின்னறையில் ஏழு பேரும் இருந்து தைக்கத் தொடங்கினார்கள். கடையில் போகிற துணியில் பாதி அவர்கள் வாங்குவதுதான். சரி, வெள்ளைக்காரச் சனம் பேரம் பேசாது, எங்கட சனமாவது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிள்ளை வந்தாள். கதவைத் திறந்ததுமே, "அக்கா, தமிழோ?" யன்னலில் தொங்கிய குயில்ட்டைக் காட்டினேன். நாலு மாதம் தைச்சது, உமக்கும் பழக்கிவிடுறன் என்றேன். மீற்றர் பதினான்கு என்றதும், "எட்டுக்குத் தாங்கோ" என்றாள். "ஏலாது." "ஒன்பது. எங்கட ஆள் எண்டுதானே வந்தனான்." ஐயோ, எத்தனை நாளுக்குப் பிறகு காதில் தேன்! பதினொன்று வரை இறங்கி, துணியை விரித்து, வெட்டுகிற சக்கரக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது.

"பொறுங்கோ அக்கா. முழுசா இருக்கிற துணியை வெட்டிப்போட்டு, திரும்ப நாலு மாதம் இருந்து பொருத்திறதோ? வீட்டில ஆரும் உங்களுக்கு ஆக்கினை குடுக்கினமோ?"

ஓரக்கரை

இது இந்த வருடம் மாசியில். பிள்ளைக்குப் போர்வை தைக்க வேண்டும் என்று ஓர் இளம்பெண் வந்தாள். ஒன்றரை மணி நேரம். நாற்பது துணிச் சுருளை இறக்கினேன். எந்த மஞ்சளோடு எந்தச் சாம்பல் சேரும், எது தண்ணீரில் சுருங்கும், பின்பக்கத்துக்கு எவ்வளவு துணி போகும், எல்லாம் சொன்னேன். தாளில் கீறியும் கொடுத்தேன். இந்தத் துணிகளின் ஓரக்கரையில் தயாரித்தவர் பெயரும் பூ வடிவத்தின் பெயரும் அச்சடித்திருக்கும். அது தெரிந்தால் உலகத்தில் எங்கேயும் அதே துணியைத் தேடிப் பிடிக்கலாம். அவள் ஒவ்வொரு கரையாக விரித்துப் போனில் படம் எடுத்தாள். நிறம் மறக்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன், மடைச்சி! என் மேசையில் சாய்ந்தபடியே நான் தேர்ந்து கொடுத்த எட்டுத் துணியையும் இணையத்தில் வாங்கி முடித்தாள்.

எனக்கு வந்திருக்க வேண்டியது கோபம். ஆனால் குரலே வரவில்லை. என் கடையில் ஒரு மூலையில் அக்கம்பக்கத்தாருக்கு வருகிற பார்சல்களை வாங்கி வைப்பேன். அவள் அதைக் கண்டுவிட்டாள்.

"பகலில் எங்கள் வீட்டில் ஆளில்லை, மதாம். இந்தத் துணிப் பார்சலை உங்கள் கடைக்கே அனுப்பச் சொல்லட்டுமா?"

சிவப்புப் பலகை

அவள் போனதும் குரல் வந்தது. சிவப்பு மையில், ஆளுயரத்தில், "படம் எடுக்கத் தடை" என்று எழுதித் தொங்கவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஜினெட் ஒரு பச்சைத் துணியின் கரையை விரித்தார், போனை எடுத்தார். பலகையைக் கவனித்தாரோ தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த இளம்பெண்ணின் போன்தான். பறித்தேன். வயதான மனுசியின் கையிலிருந்து, உண்மையாகவே பறித்தேன். "சும்மா பாக்கிறதெண்டால் மியூசியத்துக்குப் போங்கோ!" என்று தமிழும் பிரெஞ்சும் குழம்பக் கத்தினேன்.

ஒருவராவது திருப்பிக் கத்தியிருக்கலாம். நான் சமாளித்திருப்பேன். பின்னறையில் மற்ற ஆறு பேரும் துணியைச் சுருட்டினார்கள், ஊசியைக் குத்தி வைத்தார்கள், கதிரைகளை ஒழுங்காக மேசைக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தார்கள். ஜினெட் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"என் தங்கைக்கு அனுப்ப எடுத்தேன், மதாம். அவளால் நடக்க முடியாது. உங்களிடம் நான் வாங்குவதில் பாதி அவளுக்குத்தான், அவள் படத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு."

தீவில் ஒரு பேரம்

அடுத்த செவ்வாய் ஆளில்லை. அதற்கடுத்த செவ்வாயும் ஆளில்லை. ஏழு கதிரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்துபோன கத்தரிக்கோலை எடுக்க வந்த அவர்களில் ஓர் அம்மா, இப்போது எல்லாரும் இல்-பிசார் தீவில் ஜினெட்டின் தங்கை வீட்டில் கூடுகிறோம் என்றார். கட்டடக்காரருக்குப் பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள். ஏழு பேரும் இல்லாமல் கையெழுத்து வைத்தால், நானே என் கழுத்தில் கயிற்றைப் போட்டமாதிரி.

சந்தைக்கு இழுத்துப் போகிற சின்ன வண்டிலில் ஆறு சுருளைக் கட்டிக்கொண்டு, எப்போதாவது வருகிற பஸ்ஸுக்குக் காத்திருந்து, தீவுக்குப் போனேன். மன்னிப்பு என்ற சாமானை நான் விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தேன். "இனி மீற்றர் பன்னிரண்டு" என்றேன். ஊசிகள் ஓடிக்கொண்டே இருந்தன. "பதினொன்று." தங்கைக்காரி சக்கர நாற்காலியில் இருந்தபடி பச்சைத் துணியைத் தடவிப் பார்த்தார். "பத்து! இதுக்குக் கீழ எண்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்!" குரல் கூரையில் முட்டியது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எதிரே ஆளில்லாமல் என்னோடு நானே பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜினெட் ஊசியைக் கீழே வைத்தார்.

"பதினான்குக்கே வாங்குகிறோம், மதாம். விலையைக் குறைக்காதீர்கள், குரலைக் குறையுங்கள்."

கையெழுத்து

பலகையை இறக்கினேன். செவ்வாய்க்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். ஆனால் கட்டடக்காரர் புதிதாகக் கேட்ட வாடகைக்கு ஏழு பேர் காணாது, எழுபது பேர் வேண்டும். முன்பு குழாய் உடைந்தது, வெப்பமூட்டி நின்றது என்று அவரிடம் போகும்போதெல்லாம் நான் போட்ட சத்தம் கீழ்த்தளம்வரை கேட்கும். இந்தமுறை கதவுக்கு வெளியே நின்று மூன்றுதரம் மூச்சு விட்டேன். உள்ளே போய் வாடகைத் தாளை வாசித்தேன், மடித்தேன். "இது என்னால் முடியாது, மிசியே" என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்தால் கதை முடிந்தது.

அவர் தண்ணீர் குடித்தார். ஒரு தொகையை வெட்டிவிட்டு வேறு எழுதினார். நான் பேசவில்லை. திரும்பவும் வெட்டினார். நான் பேசவில்லை, பேசப் பயம். கடைசியில் பழைய வாடகைக்கு மேலே ஒரு சின்னத் துண்டு மட்டும் போட்டு, ஐந்து வருடத்துக்கு என்று தாளை என் பக்கம் தள்ளினார். அப்போது நான் அதிர்ந்த அதிர்ச்சி முகத்தில் தெரியமுன்பே கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அவர் நெற்றியைத் துடைத்தார்.

"நீங்கள் கத்தாமல் இருந்ததும், வேறு இடம் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்று பயந்தே போனேன், மதாம்!"

சின்னக் கடையைப் பெரிய கடை கொல்கிறது, இணையம் கொல்கிறது என்று காணுகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் கடையைப் பொறுத்தவரை முதலில் பிடித்து விசாரித்திருக்க வேண்டியவள், மேசைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.