கல்லிலிருந்து பத்தடி

அந்தத் தெருவில் பல்செட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் போதும், கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டுப் பக்கவாட்டு அறையில் உட்கார்ந்து பல் செய்து கொடுப்பார். ஒருவர் பல் நிறம் இன்னொருவருக்கு இருக்காது. ஒன்றில் மஞ்சள் ஓடும், ஒன்றில் சாம்பல் ஓடும். அதைப் பிரித்துப் பார்க்க விளக்கு வெளிச்சம் உதவாது, பகல் வெளிச்சம்தான் வேண்டும். அது அவருக்கு ஒரே ஒரு ஜன்னல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

தொழிலில் மனிதர் கெட்டி. குணம்தான் கோணல். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட்டில் ஈரமோ என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கட்டியவள் சிரித்துச் சிரித்தே பழகிப்போனாள்.

ஜன்னலுக்கு வெளியே அரசாங்கத்தின் காலி மனை. அதில் நகரமைப்பு அலுவலகம் வரப்போகிறது என்று ஒரு நாள் பலகை நட்டார்கள். யார் எவ்வளவு இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்று ஊருக்கே சட்டம் சொல்கிற அலுவலகம்! ஜன்னலை மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டால் பிழைப்பு போச்சே என்று இவர் வீட்டில் புலம்பித் தீர்த்தார்.

"அரசாங்கக் கட்டடமா இருந்தாலும் எல்லையிலேர்ந்து பத்தடி காலியா விடணும் மாமா. பயப்படாதீங்க" என்றான் மைத்துனன். அந்த அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் அவன்.

"ஊருக்குத்தான்டா உபதேசம். வேலியே பயிரை மேயுற காலம் இது."

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் அளந்தார். தன் வீட்டுச் சுவரிலிருந்து கோடு வரை சரியாகப் பத்தடி. வேறொருவர் என்றால் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்திருப்பார். இவருக்கோ அதுவே உறுத்தியது. அரசாங்க வேலை இவ்வளவு ஒழுங்காக நடக்குமா? அதுவும் எல்லைக் கல்லை விட்டுவிட்டு, ஏன் சுவரிலிருந்து அளக்கிறார்கள்? கல் தன் சுவருக்கும் அப்பால், காலி மனைக்குள் இருந்தால்? அடடா, நம் இடத்தை அல்லவா அமுக்கப் பார்க்கிறார்கள்!

மைத்துனனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் முகம் மாறியது.

"சுவர்தான் எல்லைன்னு வச்சுக்கோங்களேன். அதைப் போட்டுக் கிளறாதீங்க மாமா."

"ஏன் கிளறக் கூடாது?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து இரண்டு பேரும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசுவதும், இவர் தலை தெரிந்ததும் வாயை மூடிக்கொள்வதுமாக இருந்தார்கள். போதாதா? வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

"உனக்கு என்ன பதவி தர்றேன்னாங்கடா?"

அந்தப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்ட சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனான்.

"என் தம்பியைப் பாத்து இப்படிக் கேக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று மனைவி அழுதாள். "மனு கினு எதுவும் கொடுத்துடாதீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

இப்படிக் கெஞ்சினால் அவர் சும்மா இருப்பாரா? விடிந்ததும் முதல் வேலையாக மனு கொடுத்தார். சுவரிலிருந்து அளந்தது செல்லாது, எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும்.

சர்வேயரோடு, அந்தக் கட்டடத்தைக் கட்டுகிற என்ஜினியரம்மாவும் வந்தார். "இதை வாபஸ் வாங்கிக்கலாமே சார்" என்று தணிந்த குரலில் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"மடியில கனமில்லேன்னா வழியில என்னம்மா பயம்? அளங்க!"

பின்பக்கக் கல் புதருக்குள் இருந்தது. முன்பக்கக் கல் சாக்கடை ஓரம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. சர்வேயர் கருவியை வைத்துப் பார்த்தார், கணக்குப் போட்டார். பிறகு நேராக வீட்டுக்குள் நடந்தார். பக்கவாட்டு அறைக்குள் போனார். பல் தேய்க்கிற மோட்டாருக்கு அடியில், தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றடி. ஜன்னல், சுவர், அவர் உட்காரும் ஸ்டூல் எல்லாம் அரசாங்க நிலத்தில்.

வீட்டை விற்றவன் அந்தக் காலத்திலேயே நீட்டிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"உங்க மச்சினன் படம் போடும்போதே கண்டுபிடிச்சுட்டார் சார்" என்றார் என்ஜினியரம்மா. "எங்கிட்ட வந்து கெஞ்சினார். நானும் நேர்ல வந்து பாத்தேன். ஜன்னல்கிட்ட ஒரு பல்லைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டிருந்தீங்க. ஒரு மனுஷன் பொழப்பாச்சேன்னு உங்க சுவரையே எல்லையா வச்சு, எங்க கட்டடத்தைத் தள்ளி, உங்க பக்கம் மட்டும் மாடியில்லாமப் போட்டோம். இப்ப எழுத்துல கொடுத்துட்டீங்க. இனி கல்லுதான் எல்லை. இந்தச் சுவரை எடுத்துத்தான் ஆகணும்."

பல்செட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டார். அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து அறையைப் பிடுங்கத் திட்டம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுவரை இடிக்கும் அன்று, கூப்பிடாமலே மைத்துனன் வந்தான். ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, உடையாமல் கூடத்தில் சாய்த்து வைத்தான்.

"உள்ளே தள்ளிக் கட்டுற சுவர்ல இதையே வச்சா, வெளிச்சம் பழையபடி வருமாடா?" என்று கேட்டார்.

"வராது மாமா. நாங்க கட்டடத்தையும் இந்தப் பக்கம் நகர்த்துறோம். இனி இந்தப் பக்கமும் மூணு மாடி."

அவன் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.