சத்தம் சரி

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. கேபிள் பணம் வசூலிக்க வரும் தம்பி இதை நம்புவதில்லை. "மாடியில டிஷ் வச்சிருக்கீகளா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே கழுத்தை நீட்டிக் கூடத்துச் சுவரைப் பார்ப்பார். சுவரில் காலண்டர்தான் தொங்குகிறது. காலண்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற நாள் வரும்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அரசாங்கமே வீட்டுக்கு ஒரு பெட்டி என்று இலவசமாகக் கொடுத்த காலத்தில், வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த விநியோகத்துக்கு உட்கார்ந்திருந்தவள் நான். தகுதி உள்ளவருக்குக் கொடுக்க ஒரு நடைமுறை இருந்தது. தகுதி இல்லாதவர் வாங்கிவிட்டால் திரும்பப் பெற ஒரு நடைமுறை இருந்தது. தகுதி இருந்தும் வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது என்று மட்டும் எந்த அரசாணையிலும் இல்லை. காரியாபட்டிப் பக்கம் ஒரு பெரியவர் அப்படி வந்து நின்றார். "ஏன் வேண்டாங்கிறீக?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டோம். கடைசியில் அவரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். அன்றைக்கு எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் நாங்கள் விஸ்வநத்தத்தில் குடியிருந்தோம். அப்பா பட்டாசு கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கிற அறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததென்னவோ வேறொரு வேலை. சாயங்காலம், போகவேண்டிய ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு வெடியை எடுத்துக் காலித் திடலில் கொளுத்திப் பார்ப்பார்கள். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். வெடித்ததும் "சத்தம் சரி" என்பார். இல்லையென்றால் "சத்தம் மட்டு" என்பார். மட்டு என்று சொல்லிவிட்டால் அந்த லோடு கேட்டைத் தாண்டாது. மேனேஜரும் அதை மாற்றியதில்லை. "ஒங்கப்பன் காதுக்குத்தாண்டி கம்பெனியில சம்பளம்" என்று தெருவில் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு எங்கள் தெருவில் ஒவ்வொரு கூரையாக ஆண்டெனா முளைத்தது. ஒரு வீட்டில் பெட்டி வந்தால் அந்த வீடு பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் தெருவே உள்ளே வந்து உட்காரும். வீட்டுக்காரர் சாப்பிட இடம் தேடி அடுப்படிக்குப் போவார். அதனால் பெட்டி வாங்குவது என்றால் கதவைத் திறந்து போடுவது என்று அர்த்தம். பெட்டி வேண்டாம் என்றாலும் ஒரு அர்த்தம் உண்டு. அதைத் தெரு கண்டுபிடித்துவிடும்.

அந்த வருடம் தீபாவளிக்கு முதலாளி தன் போர்மேன்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தார். இரண்டு பேர் மாட்டுவண்டியில் ஏற்றி மாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். அப்பா மட்டும், "பிள்ள படிப்பு கெட்டுப்போகும் மொதலாளி" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அந்தப் பிள்ளை நான்தான். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தோற்றிருந்தேன். கெடுவதற்கு என்னிடம் படிப்பு எதுவும் மிச்சமில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

எதிர்வீட்டு அத்தை அன்றே வாசலுக்கு வந்துவிட்டாள். "என்ன மதினி, தங்கம் மாதிரி பெட்டி. வேண்டான்னுட்டாகளாமே?"

"கண்ணுக்குக் கெடுதலு" என்றாள் அம்மா.

"அண்ணன் படிப்புக்குக் கெடுதலுன்னுல்ல சொன்னாக?"

"ரெண்டுக்குந்தான்."

இரண்டு சாட்சிகள் இரண்டு காரணம் சொன்னால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பின்னாளில் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். எதிர்வீட்டு அத்தைக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஒரே வாரத்தில் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. போர்மேன் வீட்டில் கருந்திரி ஓடுகிறது. வெடிக்கு வைக்கிற அந்தத் திரியை உரிமம் இல்லாமல் வீட்டுக்குள் வைத்துச் செய்தால் குற்றம். அதற்கான மருந்து கம்பெனியிலிருந்துதான் வந்தாக வேண்டும், மருந்து அறைச் சாவியோ அப்பாவிடம். வெளியாள் உள்ளே வந்து உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் பெட்டி வேண்டாம். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். இந்தப் பேச்சு கம்பெனிக்குப் போய்விட்டால் அப்பாவுக்கு அன்றோடு வேலை போய்விடும். மருந்து திருடியவன் என்று பேர் வந்த ஆளை அந்த வட்டாரத்தில் வேறு எவனும் கேட்டுக்குள் விடமாட்டான்.

நானும் நம்பினேன். வீட்டில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் எனக்குத் தெருவுக்கு முன்பே இருந்தது.

எங்கள் ரேடியோவை அம்மா அதற்கு முந்தின வருடம், ரிப்பேர் என்று சொல்லி மாமாவிடம் கொடுத்துவிட்டாள். விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனபோது அந்த ரேடியோ ஜன்னலில் உட்கார்ந்து நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "அங்கன எடுக்குது, இங்கன எடுக்காது" என்றாள் அம்மா. பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அப்பாவை யாரும் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடக்கூடாது. "மருந்துல கை வைக்கிறவுக. பின்னாலருந்து கூப்பிட்டா கை பதறும். முன்னால வந்து நின்னு சொல்லு" என்பாள் அம்மா. அம்மாவே அவரைக் கூப்பிடவேண்டுமென்றால் புளி உடைக்க மடியில் வைத்திருக்கும் சுளகிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவர்மேல் எறிவாள். அவர் திரும்புவார். ஜன்னல் வழியே இதைப் பார்த்த எதிர்வீட்டு அத்தை, "இந்த வயசுல என்ன வெளாட்டு இதுகளுக்கு" என்று நாலு வீட்டுக்குச் சொல்லி முடித்தாள்.

ஒருநாள் அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் நான் பரணில் ஏறிச் சோதனை போட்டேன். ஓட்டை அண்டா ஒன்று இருந்தது. தூசி இருந்தது. திரியில்லை. ஒளித்த இடம் வேறு என்று முடிவு செய்துகொண்டேன். சந்தேகம் என்பது ஆதாரம் கிடைக்காததால் தளர்ந்துவிடுகிற பொருளல்ல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, ஆள்காட்டி விரலில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் சாவிக்கொத்து. வேனுக்குள் பெட்டியும், ஆண்டெனாவும், மாட்டிக்கொடுக்க ஒரு பையனும்.

"மொதலாளி குடுத்தத வேண்டான்னு சொல்லலாமா? அதான் நானே கொண்டாந்துட்டேன்" என்று அப்பாவுக்கு எதிரே நின்று சொன்னார். அப்பா அவர் முகத்தையே பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டார். அம்மா, "வாங்கய்யா, உக்காருங்க" என்றாள்.

பெட்டிக்குப் பின்னால் தெரு உள்ளே வந்தது. முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்த அவர்கள், பெட்டியைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். "எங்கன வச்சா நல்லாருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் கூடம், உள்ளறை, அடுப்படி எல்லாம் போய்வந்தார். பரணில்கூட எட்டிப் பார்த்தார். தொலைக்காட்சிப் பெட்டியைப் பரணில் வைக்கும் வழக்கம் அன்றும் கிடையாது. ஆனால் ஆய்வு நன்றாகச் செய்தார், குறை சொல்ல முடியாது.

ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எதிர்வீட்டு அத்தையின் முகத்திலிருந்து ஒன்று போனது.

கூடத்துச் சுவரோரம் முக்காலியில் பெட்டியை வைத்தார்கள். அப்பாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பையன் கூரைமேல் நின்று ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பினான்.

"வருதா?"

"வரலலே. இன்னுங் கொஞ்சம் திருப்பு."

"இப்ப?"

"போச்சு. மொதல்ல இருந்த எடத்துக்கே திருப்பு."

புள்ளிமழைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். தெளிவாக நின்றாள், வாயைத் திறந்து பாடினாள். சத்தம் வரவில்லை. பையன் கூரையிலிருந்து கத்தினான், "படம் எப்பிடி? சத்தம் எப்பிடி?" கூடத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்துவீட்டுத் தாத்தா பெட்டியைத் தட்டிப்பார்க்கச் சொன்னார். மேனேஜர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, அப்பாவைப் பார்த்துச் சிரித்துக் கேட்டார்: "என்ன போர்மேன், எப்படி இருக்கு?"

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் தெருவே உட்கார்ந்திருந்தது. புளியங்கொட்டை போய்ச் சேருகிற தூரமில்லை.

அப்பா எழுந்து நின்று, திடலில் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "சத்தம் சரி."

 பெட்டிக்குள் அந்தப் பெண் இன்னும் ஊமையாகப் பாடிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "போர்மேன் அண்ணன் ஆளப் பாத்தா சாது, என்னா கிண்டலு" என்றாள் எதிர்வீட்டு அத்தை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஆட்களுக்கு நடுவே நடந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அவர் கையிலிருந்து சாவிக்கொத்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். மரியாதை தெரிந்த பிள்ளை.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்புக்குள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். கும்பிடுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கை ஈரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"சரிப்படாது" என்றார் மேனேஜர். "பின்னால நிக்கிற பனை மறைக்குது. இந்த வீட்டுக்கு டிவி எடுக்காது. தூக்குங்கப்பா."

"படந்தான் வந்துருச்சே அய்யா. சத்தத்துக்கு இந்தத் திருகை லேசா..." என்று கூரையிலிருந்து இறங்கிவந்த பையன் ஆரம்பித்தான்.

"தூக்குலேங்கிறேன்."

பெட்டி வேனுக்குப் போனது. தெரு எழுந்து போனது. "எங்க வீட்டுக்கெல்லாம் மறைக்காத பனை இவுக வீட்டுக்கு மட்டும் மறைக்கிதாக்கும்" என்று அத்தை வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

அப்பாவுக்கு அதற்கு முந்தின சீசனிலேயே காது போய்விட்டிருந்தது. வருடக்கணக்காக வெடிக்குப் பக்கத்தில் நின்று நின்று, கொஞ்சம் கொஞ்சமாக. பேசுகிறவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். திடலில் வெறுங்காலோடு நின்று, தரை அதிர்வதை வைத்துச் சத்தம் சொன்னார். அது தவறியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பெட்டி பாடினால், தெருவே கூடத்தில் உட்கார்ந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தால், ஒரே சாயங்காலத்தில் தெரிந்துபோகும். ஒரே சாயங்காலத்தில்தான் தெரிந்தது. இவ்வளவும் அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு.

விதிப்படி மேனேஜர் அன்றே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். மருந்து அறையில் அபாய மணி கேட்காத ஆளை ஒரு நாள்கூட வைத்திருக்கக்கூடாது. அவரைச் சுற்றி வேலை பார்க்கிறவர்கள் உயிரும் அதில் இருக்கிறது. மேனேஜரோ மறுநாளே அப்பாவைச் சிவகாசியில் லேபிள் காகிதக் கிட்டங்கிக்கு மாற்றினார். அதே சம்பளம், வெடி இல்லாத இடம். காரணம் எங்கும் எழுதப்படவில்லை. கருந்திரி விவகாரத்துக்குத் தண்டனை என்று தெரு சொல்லிக்கொண்டது; அம்மா மறுக்கவில்லை. திருட்டுப் பட்டத்தோடு அப்பாவும் அம்மாவும் அதே தெருவில் ஓய்வுகாலம் வரை இருந்தார்கள். என் உத்தியோக காலத்தில் நான் எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் கோப்பு உண்டு. அந்த மனிதர் கோப்பில்லாமல் எடுத்த முடிவுக்குப் பக்கத்தில் வைக்க அவற்றில் ஒன்றும் இல்லை.

ஏழாம் வகுப்பில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கைக்கு எட்டிய பெட்டி போய்விட்டது, அதற்கு அப்பாதான் காரணம் என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் காலையில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற காரியம் விளங்காமல் போகட்டும் என்றே வாசலில் நின்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். "அப்பா." திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். எதிர்வீட்டில் ஆள் எட்டிப்பார்த்தது. அவர் திரும்பாமலே ஏறி மிதித்துப் போனார்.

அவ்வளவு கோபமா என்று எனக்கும் வீம்பு வந்தது. அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ராத்திரி சோற்றுக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே என் வாயைப் பார்த்தார். பிறகும் பார்த்தார். நான் அதை இறுக மூடிக்கொண்டேன்.