பசுவின் தொட்டி

அம்மாவின் உடம்பு தேற வேண்டுமென்று நெய்யாற்றின்கரை டாக்டர் எழுதித் தந்த புரோட்டீன் பொடியை இன்று வெந்நீரில் கலக்கியபோது, லேசான புளிப்போடு அந்தப் பழைய வாசனை எழுந்தது.

பனச்சமூட்டில் இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தில் அன்று ஒரு பலகாரக் கடை. அதன் பின்கட்டில் அம்மா அண்டா அண்டாவாகப் பாலைத் திரித்துத் துணியில் கட்டிப் பிழிவாள், திரளை ரசகுல்லாவுக்குப் போகும், இளம்பச்சையாய் வடிகிற தண்ணீர் கல்தொட்டியில் விழும், அதை முதலாளியின் பசு மூக்கு முங்க உறிஞ்சுகிற சத்தம், பள்ளிவிட்டுப் பசியோடு நான் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

ஒருநாள் என் கஞ்சியில் ஊற்ற அம்மா அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு கேட்டாள்.

"அது பசுவுக்காக்கும். நல்ல சத்துள்ள தண்ணியில்லியா?" என்றார் முதலாளி.

இன்று பொடி டப்பாவில் எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன்: பால் திரித்து வடித்த தண்ணீரை உலர்த்திய பொடி. அவள் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினாள்.

"இத கொண்டுபோயி பசுவுக்கு ஊத்து, மக்கா."

எங்களுக்கு எந்தக் காலத்திலும் பசு இருந்ததில்லை.