வடம் இழுத்தவர்களின் வயிறு

தேர் நகர்வதற்கு ஒரு நொடி முன்னால்தான் அது என் கண்ணில் பட்டது.

கார்த்திகைத் திருவிழாவில் பெரிய தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு அம்மன் தேர் புறப்படும். அதைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். எனக்கு ஆறாம் மாதம் என்பதால், "வடத்தாண்ட வராத, இங்கயே நில்லு" என்று மாமியார் என்னை ஒரு பாத்திரக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் இடுப்பில் கையை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தேன். யாரோ "அண்ணாமலையாருக்கு" என்று எடுத்துக்கொடுக்க, எல்லாரும் "அரோகரா" என்றார்கள். அந்தச் சத்தம் வாயை விட்டுப் போகும்போதே எனக்கு நேர் எதிரில் வடம் பிடித்து நின்ற பெண்களின் அடிவயிறு உள்ளே போய் இறுகியது. அப்புறம்தான் கை இழுத்தது. அப்புறம்தான் சக்கரம் அசைந்தது.

மறுபடி அரோகரா, மறுபடி வயிறு. சாமியைப் பார்க்காமல் வயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட, முதலில் வேலை செய்வது கை இல்லையே!

வேறு சமயமாக இருந்தால் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அப்போது என் பிழைப்பே முதுகில் இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியை. தினமும் பஸ், அப்புறம் நாள் முழுக்க நிற்கவேண்டும். ஐந்தாம் மாதத்திலிருந்தே இடுப்புக்கு மேலே ஒரு வலி. பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை வர்றப்பவும் வலி இப்படியே இருந்தா வேலையை விட்டுட்டு வீட்ல படுக்கணும்." படுத்தால் போச்சு. தற்காலிக வேலை நமக்காகக் காத்திருக்காது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். பொறுமை என்பது எங்கள் வம்சத்திலேயே கம்மி. கல்லூரி டிரில்லில் "வயிறு உள்ளே, மார்பு முன்னே" என்பார்களே, அந்த மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். அவலூர்ப்பேட்டை ரோட்டில் திரும்புவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா டீச்சர், கண்ணு சொருவுது?" என்றார் கண்டக்டர். "யோவ் பெரியவரே, கொஞ்சம் தள்ளி ஒக்காரு. அவங்க உளுந்தா நான்தான் தூக்கணும்."

உட்கார்ந்து யோசித்தேன். வடம் பிடித்த பெண்கள் யாருக்கும் கண் இருட்டவில்லையே? இருட்டாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாராலும் கத்த முடியாது! அவர்கள் கத்தும்போது மூச்சு வெளியே போகிறது. போகிற மூச்சோடு வயிறு தானாக உள்ளே போகிறது. நான் வயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அரோகராவை விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் முன் மெல்ல ஒரு அரோகரா. பஸ் படியில் கால் வைக்கும் முன் ஒன்று. வலுவாக எக்குவதில்லை, நீளமாக ஊதுவதுதான். குழந்தையை உள்ளேயிருந்து கை கொடுத்து ஏந்துகிற மாதிரி. பாயிலிருந்து எழும்போது பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, அரோகரா. சுவர் தேவைப்படவில்லை. கரும்பலகைக்கு முன்னால் மூன்றாம் பீரியட் வரை வலி எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் மார்கழி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் வயிறு முழுக்கக் கல் மாதிரி இறுகிற்று. நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் தளர்ந்தது. மறுபடி இறுகிற்று. யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றைப் பழக்குகிறேன் பேர்வழி என்று குழந்தையை நசுக்கிவிட்டேனா? வேலையெல்லாம் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

விடிந்து எழும்போது பழக்கதோஷத்தில் அரோகரா வந்துவிட்டது. பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமியார் மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"ஏழு மாசத்துலயே வலி கண்டுடுச்சா? டேய், போர்த்திக்கினு கெடக்கிறியே, போய் ரிக்‌ஷா இட்டா!"

"வலி இல்லத்தே, எழுந்திருக்கத்தான்..."

"எழுந்திருக்க எதுக்குடி சாமிய கூப்புட்ற?"

அதற்குள் என் வீட்டுக்காரர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டார். ரிக்‌ஷா வந்து நின்றபோது எதிர்வீட்டுக் கோலங்கள் எல்லாம் பாதியில் நின்றிருந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மகாராணிய எழுப்ப அண்ணாமலையாரே வரணுமா? நான் எழுப்பினா ஆவாதா?"

"சிரிக்காதீங்க. வண்டிதான் வந்துடுச்சே, டாக்டர் வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். என் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

டாக்டரம்மா வீட்டு முன்னறையிலேயே ஒரு மேசை உண்டு. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க ஊதுகுழல் மாதிரி இருந்த குழாயை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினார். கண்ணை மூடிக் கேட்டார். குழாயை நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் கீழே வைத்தார். நான் மின்விசிறியின் இறக்கைகளை வெறித்துக்கொண்டிருந்தேன்.

"குதிரை ஓடுற மாதிரி ஓடுது" என்று நிமிர்ந்தார். "எதுக்கு அழுவுற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்: தேர், டிரில், பஸ், அரோகரா. அவர் குழாயைத் துடைத்தபடி கேட்டார்.

"இந்த மாசத்துல வயிறு தானா இறுகும், தானா விடும். நீ பண்ணதால இல்லம்மா. அடிக்கடி வந்தா, விடாம இருந்தா, அப்ப ஓடி வா. மூச்சை மட்டும் அடக்காத. ஆமா, முதுகு வலி?"

"கம்மி."

"அப்புறம் ஏன் இங்க படுத்துக்கிட்டிருக்க? பள்ளிக்கூடம் இல்லியா இன்னைக்கு?"

எங்களோடு வந்து வாசலில் நின்ற மாமியாரிடம் சொன்னபோது, "அதான் சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு" என்றார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. ரிக்‌ஷாவில் திரும்பி வரும்போது எனக்கு அப்படி ஒரு பசி.

ஆனால் நான் மேசையை விட்டு இறங்கியபோது டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இறுக்கக் கத்துக்கிட்ட, சரி. பிரசவத்துல வலிக்கு வலி நடுவுல மொத்தமா தளர்த்தணும். அது வருமா உனக்கு? எங்க, இப்ப விடு பாக்கலாம்." விட்டேன். "வயித்த விட்ட. பல்ல விடல" என்றார். உண்மைதான். தாடை பூட்டு மாதிரி இருந்தது. தோள்கள் காதருகே நின்றன.

இறுக்குவதற்காவது பார்த்துச் செய்ய ஒரு தேரும் வடமும் இருந்தன. தளர்வதை எங்கே போய்ப் பார்ப்பது? இதுவரை எனக்கு எதையும் விட்டுப் பழக்கமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, இடது பக்கம் சாய்ந்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கப்போகிறேன். முதலில் தாடை. அது விட்டுக்கொடுத்தால் தோள். அப்புறம் மூச்சு தானாக உள்ளே வரட்டும். வயிறு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆகட்டும்.