எர்ணாவூர்க் காற்றுக்கு மூடிய ஜன்னல்

"தங்கள் வீட்டின் முகப்பு ஜன்னல்கள் தெருவின் பழமைத் தோற்றத்துக்கு இன்றியமையாதவை. திறக்க முடியாத பிளாஸ்டிக் ஜன்னல்களுக்கு அனுமதி இல்லை." பிப்ரவரி 11 தேதியிட்டு, நான் வசிக்கும் இங்கிலாந்துத் துறைமுக ஊரின் நகரசபையிலிருந்து வந்த கடிதம் இது. விக்டோரியா காலத்து வீடு. ஜன்னல்கள் ஸாஷ் வகை: இரண்டு மரச் சட்டங்கள், ஒன்று மேலிருந்து இறங்கும், மற்றது கீழிருந்து ஏறும், பக்கவாட்டுப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடைகள் அவற்றைத் தாங்கும். என் ஜன்னல்களின் அடிக்கட்டை உளுத்துவிட்டதால், திறக்காத பிளாஸ்டிக் ஜன்னல் மாட்ட அனுமதி கேட்டிருந்தேன். புதியவை மரத்தில்தான் இருக்க வேண்டுமாம். கண்ணாடியைப் பிரிக்கும் நடுச்சட்டத்தின் அகலத்துக்குக்கூட வரைபடம் இணைத்திருந்தார்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. ஒரு ஜன்னலின் மூக்கும் முழியும் கெடாமல் காக்க ஓர் அலுவலகம், ஓர் அதிகாரி, ஒரு வரைபடம்!

தச்சர் கிரகாம் மார்ச் முதல் வாரம் வந்தார். இடுக்கில் கத்தியை விட்டு நெம்பினார், அசையவில்லை. பெயின்டைச் சுரண்டினால் ஒட்டுநாடா, அதன் கீழே மடித்துத் திணித்த செய்தித்தாள். யார் செய்த வேலை என்று கேட்டார். நான்தான். பதினொரு ஆண்டுகளுக்கு முன், குடிவந்த வாரமே செய்தது, குறிப்பேட்டில் இருக்கிறது. ஏன் என்றார். "தூசி வரக்கூடாதென்று." அவர் வெளியே எட்டிப் பார்த்தார். மழையில் கழுவிய செங்கல் வீடுகள். உடனே முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டு, வண்டியிலிருந்து விரிப்புகளைக் கொண்டுவந்து சோபா, அடுப்பு எல்லாவற்றையும் மூடினார். தன் மரத்தூளைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஜன்னல் திறக்காததால் உள்ளீரம் தங்கி மரம் கெட்டது என்று, உளுத்த துண்டொன்றை உள்ளங்கையில் நொறுக்கியும் காட்டினார்.

அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எர்ணாவூரில் வளர்ந்தவனுக்குப் புது வீட்டில் முதல் வேலை இடுக்கை அடைப்பதுதான். காற்றின் திசை மாறினால் எங்கள் தெருவில் வரிசையாகக் கதவுகள் சாத்தும். கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம்; மழைக்கு அல்ல, சாம்பலுக்கு. அந்த வீட்டில்தான் என் அக்கா மல்லிகா இன்னும் இருக்கிறாள், மூச்சிழுப்போடு. கிரகாம் கதையையும் கடிதத்தையும் போனில் சொன்னேன். சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இன்னாடா நைனா, ஜன்னலு மூஞ்சி நல்லால்லன்னா அந்தூரு கவர்மென்ட்டு லெட்டர் போடுதா? என் நெஞ்சு சல்லடையாப் பூட்ச்சு, இங்க எவன் போட்டான் லெட்டரு?"

"இந்தச் சாம்பலப் பத்தி நான் ரெண்டு தடவ மனு போட்டேனேக்கா."

"போட்ட. நம்பர் குட்த்தாங்க. அந்த நம்பர மோந்து பாத்தா மூச்சு வருமா? வியாழக்கெழம கொத்தனாரு வர்றாரு. ஜன்னல செங்கல் வெச்சி அடைக்கப் போறேன்."

"அடைக்காதக்கா. இருக்கிறதே ஒரு ஜன்னல். வெளிச்சம், காத்து எதுவும் இருக்காது."

"நீ பதினோரு வர்சமா அடச்சிகினுதானே குந்திகினு கீற? அங்க இன்னா கொட்டுது, பன்னீரா? பத்து நாளு இங்க வந்து பட்த்துப் பாரு, அப்பால புத்தி சொல்லு."

நான் வாழும் ஊரும் ஒரு காலத்தில் நிலக்கரிப் புகையில் கறுத்ததுதான். கறுப்பைக் கழுவி, பாரம்பரியம் என்று பெயரிட்டு, இன்று ஜன்னல் சட்டத்தின் அகலத்தைக் காக்கிறார்கள். எங்கள் மாநகருக்கோ மின்சாரம் வேண்டும், துறைமுகம் வேண்டும். அவற்றின் காலடியில் மூச்சுவிடுகிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மனுவுக்கு ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. இதை இவ்வளவு தூரத்தில், சுத்தமான காற்றில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதிலும் எனக்குக் கோபம்தான்.

கிரகாம் இரண்டு மாதிரிகள் காட்டினார். ஒன்றில் மேல்சட்டம் அசையாது, விலை குறைவு. இரண்டு சட்டமும் திறக்கும் மர ஜன்னலையே கேட்டேன். மே மாதம் பொருத்தினார். திறந்து வைத்துத் தூங்கி, காலையில் பழக்கதோஷத்தில் விளிம்பை விரலால் துடைத்தேன். விரல் சுத்தமாக இருந்தது. அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

அக்கா படம் அனுப்பியிருந்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் சிமென்ட் பூச்சு, அதில் ஆணியடித்துத் தினசரிக் காலண்டர். அடைக்கும் முன் கடைசியாக ஜன்னலைத் துடைத்த துணியை, நான் கேட்டதால், இங்கே வந்த தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினாள். உறையில் போட்டுத் தேதி எழுதி ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். காற்றில் பறக்காதிருக்க, பழைய ஜன்னலிலிருந்து கழற்றிய இரும்பு எடை அதன் மேல் இருக்கிறது.

துணியில் உள்ள கறுப்பு அனல்மின் நிலையச் சாம்பலா, துறைமுகச் சாலையின் லாரிப் புகையா என்று சோதித்துச் சொல்லக் கேட்டு இரண்டு ஆய்வகங்களுக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை. ஆகவே, அக்காவின் நெஞ்சில் படிந்திருப்பது எது என்பது இன்றைய தேதியில் சரிபார்க்கப்படாத தகவல்.