அரண்மனை ரயிலில் ஒரு எச்சில் தட்டு

சிங்கப்பூரிலிருக்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓடும் அரண்மனை ரயில். மகாராஜாக்கள் மாதிரி ஒரு வாரம் போய்விட்டு வாருங்கள், உங்கள் கல்யாண நாளுக்கு என் பரிசு என்றாள். என் கணவர் திருப்பாதிரிப்புலியூர் முழுக்க அதைத் தம்பட்டம் அடித்தார். தனக்குப் புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். எனக்குப் பழைய பட்டுப்புடவையே போதுமாம்.

நான் சிதம்பரத்துப் பெண். கல்யாணத்தன்று அவர் சாப்பிட்ட இலையில் என்னைச் சாப்பிட வைத்தார்கள். அன்றிலிருந்து அப்படித்தான். "உப்பு ஜாஸ்தி" என்று தினமும் முகம் சுளிப்பார். ஆனால் எழும்போது எனக்கென்று ஒரு பிடி சோறும் பாதி அப்பளமும் விட்டு வைப்பார். வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர். அந்தப் பாதி அப்பளத்தைத்தான் பிரியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ரயிலில் சாப்பாட்டுக்கென்றே ஒரு பெட்டி. தலைப்பாகை கட்டிய சிப்பந்தி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி நானே கணவருக்குப் பரிமாறினேன். அவர் முடித்ததும் பழக்கதோஷத்தில் அவர் தட்டை என் பக்கம் இழுத்து, மிச்ச ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தேன். பக்கத்து மேஜை டெல்லிக்கார அம்மாள் என்னைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். இவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, சர்வெண்ட்.

எங்கள் அறைக்கு வந்ததும் கேட்டேன். "என்னங்க, என்னைய வேலைக்காரின்னா சொன்னீங்க?"

"பின்ன? எச்சித் தட்ட இழுத்து வச்சிக்கினு திங்கிற. பொண்டாட்டின்னு சொன்னா என் மானம் போவாதா? இனிமே நீ ரூம்லயே சாப்டுக்க."

மீதி நாளெல்லாம் அறையில் தனியாகத் தின்றேன். ஜன்னல் வழியே மணலைப் பார்த்தேன். எங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் பார்க்காத மணலா? அழுகை வரவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். எல்லாருக்கும் இலை போட்டேன். இவர் உட்காரப் போன இடத்தில் நான் உட்கார்ந்தேன். நிதானமாகச் சாப்பிட்டேன். ஒரு பிடி சோறும் பாதி அப்பளமும் விட்டுவிட்டு, இலையை மடிக்காமல் எழுந்தேன்.

"வாங்க, உக்காருங்க," என்றேன்.

அக்கா பதறிப்போனார். "இன்னாம்மா இது கூத்து?"

"ரயில்ல கத்துக்கினு வந்தேன் அண்ணி. அங்க இன்னா நடந்துச்சுன்னு உங்க தம்பியே சொல்லுவாரு. சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போனால் நான் வாயைத் திறப்பேன் என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்தார். என் எச்சில் சோற்றைப் பிசைந்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அவருக்கென்று தனியாக எடுத்த சாம்பாரில் வேண்டுமென்றே இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு அவர் இலையில் ஊற்றினேன். முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.