அரை டம்ளர் வயிறு

சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், வேலை முடிந்து கிளம்பும் பெண்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதே வாசல். நாற்காலி மட்டும் நாலு தடவை மாறியிருந்தது, எல்லாம் அவள் பாரம் தாங்காமல். கேட்டில் இருப்பதால் கேட்டம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டிபன் டப்பாவின் அடித்தட்டு, குடையின் மடிப்பு, கொண்டையின் உள்பக்கம், எங்கே எதை ஒளிப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பொத்தான்கூட வெளியே போனதில்லை என்று மேனேஜரே சொல்வார். சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் மேல்தான் அவளுக்கு முதல் சந்தேகம் விழும். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டதுதான் சங்கடம்.

நாற்பத்தேழு வயதில் அவள் எடை நூற்று முப்பத்தொரு கிலோ. சர்க்கரை, முட்டிவலி, தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் இருந்தது. மூன்று மாடி ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுவாள். ஒரு நாள் வாசலில் நின்றபடியே முட்டி மடங்கி விழுந்தாள். தூக்கிவிட ஐந்து பேர் வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதைக் கீழே கிடந்தபடியே அவள் பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் தங்கை ஓயாமல் சொல்லிவந்த ஆபரேஷன் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டாள்.

"என் ஆபீஸ்ல ஒருத்தங்க பண்ணிக்கிட்டாங்க அக்கா. வயித்துல முக்கால்வாசிய எடுத்துடுவாங்க. அப்புறம் கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்னு ஆயிடும்."

"இதுல உனக்கு என்ன கிடைக்குது?"

"நீ உயிரோட இருப்ப. அதான் கிடைக்குது."

அந்தப் பதில் கொஞ்சம் வழவழப்பாக இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஆனாலும் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். பெரிதாகக் கிழிக்க மாட்டார்களாம். ஐந்து சின்ன ஓட்டை, அவ்வளவுதானாம். ஓட்டை சின்னதாக இருந்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், தொண்டை வறண்டு பேச்சே வராத நிலையிலும், நோயாளிகளைப் பார்க்க வந்த டாக்டரை நிறுத்தினாள்.

"எடுத்தத நான் பாக்கணும்."

"பரிசோதனைக்கு அனுப்பியாச்சும்மா. போட்டோ இருக்கு." செல்போனை நீட்டினார். பச்சைத் துணிமேல் வெளிறிய பை மாதிரி ஒன்று நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேல், அவள் பேர் எழுதிய சீட்டு.

"இது என்னோடதுதான்னு என்ன நிச்சயம்?"

"உங்க பேர் இருக்கே."

"பேர் எழுத எவ்வளவு நேரமாகும்?"

நர்ஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் செல்போனை வாங்கிக்கொண்டு, "சரிம்மா. எடை குறையும், அத வெச்சு நம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடை குறையத்தான் செய்தது. அவள் புருஷன் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பவர். கீழே தரைத்தளத்தில் சின்னக் கடை. அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். அவர்தான் காய்கறி சூப்பை வடிகட்டி, அரை டம்ளர் அளந்து கொடுப்பார். அதைக் குடிக்கவே அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு வாய் அவசரப்பட்டால் நெஞ்சில் கல்லை வைத்தமாதிரி அடைத்து, நுரையாக வாந்தி வரும். முதல் இரண்டு மாதத்தில் இருபது கிலோ இறங்கியது. வேலைக்குத் திரும்பினாள். சீருடைப் பேன்ட்டைப் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் எடை அசையவில்லை. நாலாம் மாதம் இரண்டு கிலோ ஏறிவிட்டது.

முதலில் எடை மெஷினைச் சந்தேகப்பட்டாள். பிரிக்காத ஐந்து கிலோ மாவு மூட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாக ஐந்து காட்டியது. அடுத்து டாக்டர் எழுதிக் கொடுத்த சத்துமாவு. டப்பாவில் பென்சிலால் கோடு போட்டு, யாராவது வேறெதையாவது கலக்கிறார்களா என்று ஒரு வாரம் கண்காணித்தாள். கோடு பிசகவில்லை. கடைசியில் பார்வை புருஷன்மேல் திரும்பியது. சூப் வைக்கும்போது பின்னாலேயே போய் நின்றாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. நீங்க பண்ணுங்க."

சூப்பில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. ஆபரேஷனிலிருந்து துணி துவைப்பதும் அவர்தான். சனிக்கிழமை காலையில் துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால், அலமாரி மேலிருந்து ஒரு நீலத் தகர டப்பாவை இறக்கினார். எதையோ உள்ளே போட்டு மூடினார். அவள் வருவதைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அப்படிக் கையை இழுத்தவர்களில் ஒருத்தரைக்கூட அவள் சும்மா விட்டதில்லை.

அவர் கடைக்கு இறங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஸ்டூலில் ஏறி எத்தனையோ வருஷமாகிறது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. டப்பா கனமில்லாமல் இருந்தது. திறந்தாள்.

உள்ளே முழுக்க மிட்டாய்த் தாள், சாக்லேட் சுற்றியிருந்த ஜிகினா, கிரீம் பிஸ்கட் உறை. ஒவ்வொன்றும் கசங்கலை நீவி, தட்டையாக அடுக்கியிருந்தது.

திருட்டுத்தனமாக இவ்வளவு தின்றிருக்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் சிவப்புத் தாள் ஒன்றைக் கையில் எடுத்தபோது, அதைத் தனக்குத் தெரியும் என்பது மெல்ல உறைத்தது. காலர் தைக்கும் பிரிவில் இருக்கும் நெட்டைக்காரி, வெளியே போகும்போதெல்லாம் நீட்டுவது. "களைச்சுப் போயிருக்கீங்க கேட்டம்மா, வாயில போட்டுக்குங்க" என்பாள். ஜிகினா, இஸ்திரிப் பெண் கொடுத்தது. சாப்பாடு அடைத்துக்கொண்ட அந்த வயிற்றில் மிட்டாய் மட்டும் சத்தமில்லாமல் கரைந்து இறங்கியிருக்கிறது. அதையெல்லாம் அவள் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

படியேறி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கேருந்து எடுத்தீங்க இதெல்லாம்?"

"உன் பேன்ட் பாக்கெட்லேருந்து."

"என் பாக்கெட்ட நீங்க எதுக்குத் துழாவணும்?"

"மெஷின்ல போட்டா துணியில ஒட்டிக்குது."

"ரெண்டு மாசமா ஒரு வார்த்தை கேட்கலையே நீங்க."

"கேட்டா நான்தான் கொண்டுவந்து போட்டேன்னு சொல்லுவ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு நுனிவரை வந்திருந்தது அதே வார்த்தைதான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் சுட்டது. தன் பையில் இன்னொருத்தர் கைவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

மூன்றாம் நாள் டப்பாவோடு ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் தானே போனாள். அந்தச் சின்னப் பெண் திட்டவில்லை. "பசிச்சுதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டம்மா சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பசியெல்லாம் இல்ல. அதைக் குடுக்கும்போது என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. முன்னாடி யாரும் சிரிச்சதில்ல. சிரிச்சா வேற மாதிரி சிரிப்பாங்க."

மறுநாள் நெட்டைக்காரி மிட்டாயை நீட்டியபோது வேண்டாம் என்றாள். கூடவே வேறொரு குடைச்சலும் கிளம்பியது. இத்தனை நாள் வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு இவள் பையை ஒழுங்காகப் பார்த்தோமா? அன்றைக்கு அடித்தட்டு வரை துருவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நெட்டைக்காரி, "மிட்டாய் குடுத்தது தப்பாப் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, இன்னொரு காவலாளி சோதிக்கும் பக்கத்து வரிசைக்கு மாறிக்கொண்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை. ஒருவேளை மிட்டாய் வாங்கித் தின்ற நாட்களில் ஏதாவது போயிருந்தால்?

ஒரு வருஷம் முடியும்போது எடை எண்பத்தொன்பது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டிப் பிறகு திரும்ப முளைத்தது. சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்தது. மூன்று மாடியும் உட்காராமல் ஏறினாள். "இனிமே இப்படியே இருக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "அது உங்க கையில இருக்கும்மா" என்றார். எல்லாப் பொறுப்பையும் கடைசியில் நம்ம தலையிலேயே கட்டிவிடுகிறார்கள் என்று வரும் வழியெல்லாம் புருஷனிடம் பொருமினாள். அவர் வழக்கம்போல ம் கொட்டினார்.

அந்த வாரம் தொழிற்சாலையில் புதுக் காவலாளி ஒருவர் சேர்ந்திருந்தார். காலையில் உள்ளே நுழையப் போனவளைக் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். அடையாள அட்டையில் இருந்த போட்டோவையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே."

பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆள் விறைப்பாக நின்ற விதமும், அட்டையைத் திருப்பித் தராமல் பிடித்திருந்த விதமும் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பிடித்துப்போனது.

"சரியாத்தான் நிறுத்துறீங்க. மேனேஜர் வரட்டும், கேட்டுட்டு உள்ள விடுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக நின்றபடியே காத்திருந்தாள்.